டிஎஸ்எல்ஆரை விட்டு மிரர்லெஸ்ஸுக்கு மாறியவர்களுக்கு: அறிகுறியைச் சொன்னால் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்

சேலம் வட்டாரத்தில் கல்யாண வேலை பார்க்கிறவர்கள், வார இறுதியில் ஏற்காடு ஏறிப் பறவை தேடுகிறவர்கள், கொலுசுப் பட்டறைகளுக்கு கேட்லாக் எடுத்துக் கொடுக்கிறவர்கள் என ஒருவர் பின் ஒருவராக டிஎஸ்எல்ஆர் கேமராவை விட்டு, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறிய சூட்டோடு போன் வருகிறது: “அண்ணா, புது பாடி ஃபால்ட்டுங்களா? கடைக்காரர்கிட்ட திருப்பிக் கொடுத்துரலாமுங்களா?” பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கேமரா.

கொடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். டிஎஸ்எல்ஆரில் பார்ப்பதற்குக் கண்ணாடியும் பிரிசமும், வெளிச்சம் அளக்க ஒரு சென்சார், ஃபோகஸுக்கு அடியில் தனியாக ஒரு பகுதி, படம் எடுக்க மெயின் சென்சார் என்று வேலைக்கு ஒரு ஆள் இருந்தது. மிரர்லெஸ்ஸில் இத்தனை வேலையையும் மெயின் சென்சார் ஒன்றே பார்க்கிறது. கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பதும் ஒரு குட்டி டிவிதான். கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு மாற்றத்திலிருந்து கிளம்புபவை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள்: கம்பெனி பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றிப் போடுங்கள், கார்டை அந்த கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், பழைய லென்ஸுக்காகப் போட்ட அடாப்டரைக் கழற்றிவிட்டு அந்த மவுண்ட்டுக்கே (லென்ஸ் பூட்டும் வாய்) உரிய லென்ஸை மாட்டுங்கள், மெனுவில் எல்லா செட்டிங்கையும் ரீசெட் செய்யுங்கள். இதன்பிறகு தொல்லை போய்விட்டால் பாடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான்கையும் ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

ஃபிளாஷ் டிரிக்கர் மாட்டினால் வ்யூஃபைண்டர் கும்மிருட்டு

அதிகம் வரும் புகார் இதுதான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசை மேசையில் வைத்து, இரண்டு ஸ்டூடியோ ஃபிளாஷ் போட்டு, அவற்றை அடிக்கவைக்கும் டிரிக்கரை கேமராவில் மாட்டி, ஷட்டர் வேகம் 1/160, அபர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/11, ஐஎஸ்ஓ 100 என்று வைக்கிறீர்கள். டிஎஸ்எல்ஆரில் இதே செட்டிங்கில் கொலுசின் ஒவ்வொரு சலங்கையும் கண்ணுக்குத் தெரிந்தது. மிரர்லெஸ்ஸில் கறுப்புதான் தெரிகிறது. படம் எடுத்தால் மட்டும் சரியாக விழுகிறது.

ஃபிளாஷ் அடிக்காவிட்டால் இந்த செட்டிங்கில் படம் எப்படி இருக்குமோ, அதை கேமரா முன்கூட்டியே காட்டுகிறது. அறையின் டியூப்லைட்டுக்கு 1/160, எஃப்/11 என்பது இருட்டுதான். கம்பெனியின் சொந்த ஃபிளாஷை மாட்டினால் ‘ஃபிளாஷ் இருக்கிறது’ என்று கேமராவுக்குத் தெரியும், பெரும்பாலும் தானாகவே வெளிச்சமாகக் காட்டும். நடுவில் ஒரு பின் மட்டும் உள்ள சாதா டிரிக்கர் அந்தத் தகவலைச் சொல்லாது.

கேனானில் ‘எக்ஸ்போஷர் சிமுலேஷன்’ என்பதை டிசேபிள் செய்யுங்கள். சோனியில் ‘லைவ் வ்யூ டிஸ்ப்ளே’ என்ற இடத்தில் ‘செட்டிங் எஃபெக்ட் ஆஃப்’. நிக்கான் இசட் வரிசையின் பழைய மாடல்களில் ‘அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வ்யூ’ என்பதை ஆஃப் செய்ய வேண்டும். இசட்8, இசட்9 மாதிரி புதியவற்றில் ‘வ்யூ மோட்’ என்று இருக்கும், அதில் பார்வைக்கு வசதியாகக் காட்டும் தேர்வை எடுங்கள். இதை ஒரு கஸ்டம் பட்டனில் போட்டுவைப்பது நல்லது. ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்ததும் திரும்ப ஆன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மிரர்லெஸ் வாங்கியதன் பெரிய லாபமே போய்விடும்.

வெளிச்சமாகத் தெரிந்தபிறகும் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறதா? சில பாடிகள் நீங்கள் வைத்த அபர்ச்சரிலேயே லென்ஸை மூடிவைத்துக்கொண்டு ஃபோகஸ் தேடும். எஃப்/11இல் சென்சாருக்கு வரும் வெளிச்சம் குறைவு. ஸ்டூடியோ ஃபிளாஷில் தொடர்ந்து எரியும் மாடலிங் லேம்ப்பைப் போட்டுவிடுங்கள். சோனியில் ஃபோகஸ் நேரத்தில் அபர்ச்சரைத் திறந்துவைக்கும் தேர்வு சில மாடல்களில் உண்டு. இன்னொன்று, பழைய ஃபிளாஷிலிருந்து இருட்டில் சிவப்புக் கட்டமாக ஒரு ஒளி விழுமே, அது டிஎஸ்எல்ஆரின் தனி ஃபோகஸ் பகுதிக்காகச் செய்தது. மிரர்லெஸ்ஸில் பெரும்பாலும் எரியாது. ஃபிளாஷ் கெட்டுப்போனதாக நினைத்து அதைப் பிரித்துப் பார்க்காதீர்கள்.

ஃபிளாஷ் அடிக்கவே இல்லை

சைலன்ட் மோட் அல்லது எலக்ட்ரானிக் ஷட்டர் ஆனில் இருக்கிறதா பாருங்கள். பல பாடிகளில் அப்போது ஃபிளாஷ் வேலை செய்யாது. அடுத்து கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைப் பாருங்கள். கேனான் 200டி மார்க் 2 மாதிரி சில விலை குறைந்த பாடிகளில் நடுப் பின்னே கிடையாது, சாதா டிரிக்கர் அதில் எப்போதும் அடிக்காது. மிரர்லெஸ்ஸிலும் குறைந்த விலைக்கு வாங்கும்போது இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். படத்தில் பாதி கறுப்பாக வந்தால் பழைய கதைதான், ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச ஷட்டர் வேகமான சிங்க் வேகத்தைத் தாண்டிவிட்டீர்கள், 1/160க்கு இறக்குங்கள்.

மேடையில் எடுத்த படத்தில் வரிவரியாகப் பட்டை

மண்டபத்துக்குள் போனால் இந்தத் தொல்லை. ‘சத்தமே வராது’ என்று சந்தோஷமாக எலக்ட்ரானிக் ஷட்டரை ஆன் செய்திருப்பீர்கள். மாப்பிள்ளை முகத்தின் மேல் ஒரு மங்கலான பட்டை, கீழே ஒரு பளிச்சென்ற பட்டை.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்குகளில் பல ஒரு விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. எலக்ட்ரானிக் ஷட்டரோ சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படித்துக்கொண்டு போகிறது. நடுத்தர விலை பாடிகளில் ஒரு முழுப் படத்தைப் படித்து முடிக்க 1/15 முதல் 1/60 விநாடி வரைகூட ஆகும். மேல்வரியைப் படிக்கும்போது விளக்கு உச்சத்தில், நடுவரியைப் படிக்கும்போது மங்கல். அதுதான் பட்டை. வேகமாகத் திரும்பும் பஸ் சாய்ந்துபோய் விழுவதற்கும் இதுவே காரணம்.

மண்டபத்தில் மெக்கானிக்கல் ஷட்டருக்கோ, ஷட்டரின் இரண்டு திரைகளில் முதல் திரை மட்டும் எலக்ட்ரானிக்காக உள்ள வகைக்கோ மாறுங்கள். வேகத்தை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள், அப்போது விளக்கின் முழுச் சுற்றும் படத்துக்குள் வந்துவிடும். ‘ஆன்டி ஃபிளிக்கர்’ இருந்தால் ஆன் செய்யுங்கள். அது விளக்கு உச்சத்துக்கு வரும்வரை காத்திருந்து ஷட்டரை விடும், அதனால் தொடர் படங்களின் வேகம் கொஞ்சம் குறையும். வீடியோ என்றால் மெனுவில் வீடியோ முறை என்டிஎஸ்சி (NTSC) என்று கிடந்தால் பால் (PAL) என்று மாற்றி, 25 அல்லது 50 ஃபிரேமில் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். 30 ஃபிரேம், 1/60 என்று எடுத்தால் பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும்.

இப்போது எல்லா ரிசப்ஷனிலும் பின்னால் நிற்கும் எல்இடி சுவர் வேறு ரகம். அது இன்னும் பல மடங்கு வேகமாக மினுக்கும். அதற்கு 1/100ஐத் தாண்டாமல் மெக்கானிக்கலில் எடுப்பதுதான் நிம்மதி. முழு சென்சாரையும் ஒரே நேரத்தில் படிக்கும் குளோபல் ஷட்டரை சோனி 2023இல் ஏ9 மார்க் 3இல் கொண்டுவந்தது. அதன் விலையைக் கேட்டால் மண்டபத்தின் விளக்கையே மாற்றச் சொல்லலாம் போலிருக்கும்.

மெக்கானிக்கலில் வெயிலில் எடுக்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. எஃப்/1.4, 1/4000 மாதிரி செட்டிங்கில் முதல் திரை எலக்ட்ரானிக்காக இருந்தால் பின்னால் கரைந்து தெரியும் ஒளி வட்டங்கள் பாதி வெட்டுப்பட்டது போல வரும். அப்போது முழு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

ஏற்காட்டு மூடுபனியில் ஃபோகஸ் பிடிக்கவில்லை

பனியில் எந்த கேமராவும் திணறும். ஃபோகஸுக்கு வெளிச்சத்தைவிட விளிம்பு முக்கியம், கறுப்பு முடிந்து வெளுப்பு தொடங்கும் கோடு வேண்டும். பனி அதைத்தான் அழித்துவிடுகிறது. கேனான் ஆர்6இன் பெட்டியில் −6.5 ஈவி (வெளிச்சத்தின் அளவு) இருட்டிலும் ஃபோகஸ் பிடிக்கும் என்று இருப்பதைக் காட்டி ஒருவர் கேட்டார். அது எஃப்/1.2 லென்ஸை வைத்து அளந்த கணக்கு. கையில் இருப்பது எஃப்/5.6 லென்ஸ், எதிரே இருப்பது வெள்ளைப் பனி.

ஆனால் டிஎஸ்எல்ஆரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிஎஸ்எல்ஆரின் நடுப் புள்ளி பெரும்பாலும் குறுக்கு வகை. செங்குத்துக் கோட்டையும் படுக்கைக் கோட்டையும் பிடிக்கும். பெரும்பாலான மிரர்லெஸ் சென்சார்களில் ஃபோகஸ் பிக்சல்கள் இடது வலது வித்தியாசத்தை மட்டும் பார்க்கின்றன. கேமராவைப் படுக்கையாகப் பிடித்திருக்கும்போது செங்குத்து விளிம்பை உடனே பிடிக்கும். படுக்கைக் கோடு என்றால் தடவும். ஏரியில் தண்ணீரும் கரையும் சேரும் கோடு, படிக்கட்டு, பட்டுப்புடவை பார்டர் எல்லாம் இந்த ரகம். “தெளிவாத்தானே இருக்கு, ஏன் பிடிக்க மாட்டேங்குது?” என்று கேட்பது இந்த இடங்களில்தான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஏரிக்கரையில் நின்று தண்ணீர் விளிம்பில் புள்ளியை வைத்து அரை அழுத்தம் கொடுங்கள். அலைந்தால் கேமராவை ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்து மறுபடி அழுத்துங்கள். டக்கென்று பிடித்தால் கேமரா நன்றாக இருக்கிறது. ஃபோகஸைப் பூட்டிக்கொண்டு நேராக்கி எடுங்கள். காப்பித் தோட்டத்துக்குள் என்றால் இன்னும் சுலபம், சில்வர் ஓக் மரத்தின் தண்டு செங்குத்தாக நிற்கிறது. அதே தூரத்தில் உள்ள ஒரு தண்டைப் பிடித்தால் போதும்.

பறவைக்காரர்களுக்கு வேறொரு தலைவலி. காப்பிச் செடிக்குள் குருவி உட்கார்ந்திருக்கும். ஃபோகஸ் பின்னாலுள்ள இலைக்கூட்டத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். எத்தனை முறை அழுத்தினாலும் குருவிக்கு வராது, ஏனென்றால் சென்சாருக்குக் குருவி இப்போது வெறும் மங்கலான புகை, பின்னணிதான் தெளிவான பொருள். அதே இடத்தில் அழுத்திக்கொண்டே இருப்பதில் பிரயோஜனமில்லை. குருவி இருக்கும் தூரத்தில் தரையிலோ கிளையிலோ ஒருமுறை ஃபோகஸ் செய்து கொண்டுவந்து பிறகு குருவிக்குத் திரும்புங்கள். அல்லது ஃபோகஸ் வளையத்தைக் கையால் அருகே திருப்பிவிட்டு அழுத்துங்கள். ஃபோகஸ் பரப்பைச் சின்னதாக்குவதும் உதவும். கண்ணைத் தேடும் ஆட்டோஃபோகஸ் (ஏஎஃப்) மேல் எல்லாப் பாரத்தையும் போடாதீர்கள்.

அந்தக் கண் ஏஎஃப் பற்றி ஒரு வரி: கல்யாண வாசலில் ஃபிளெக்ஸ் பேனரில் சிரிக்கும் தலைவர் முகத்தையும் அது முகம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். முழுத் திரையும் தேடும் மோடில் விடாமல், ஒரு வட்டாரத்தை மட்டும் கொடுத்து அதற்குள் கண்ணைத் தேடச் சொல்லுங்கள்.

ஃபோகஸ் புள்ளி தானாக ஓடுகிறது

உங்கள் மூக்கு. வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது பின் திரையில் மூக்கு உரசுகிறது, டச் வேலை செய்கிறது. டச் அண்ட் டிராக் அல்லது டச் பேட் என்ற பெயரில் இருப்பதை ஆஃப் செய்யுங்கள். அல்லது திரையின் வலது பாதியில் மட்டும் டச் வேலை செய்யும்படி வையுங்கள். இடது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு மூக்கு வலப்பக்கம்தான் போகும், அவர்கள் ஆஃப் செய்வதே மேல்.

பின் திரை திடீரென்று அணைகிறது

கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. ஸ்ட்ராப், விரல், மழைத்துளி எது மறைத்தாலும் ‘கண் வந்துவிட்டது’ என்று திரையை அணைத்துவிடும். வயிற்றருகில் வைத்துக் கீழே குனிந்து எடுக்கும்போது சட்டையே மறைக்கும். துடைத்துவிட்டுப் பாருங்கள்.

பேட்டரி மத்தியானத்துக்கே படுத்துவிடுகிறது

இது கோளாறே இல்லை, ஆனால் வருத்தம் நியாயமானது. நிக்கான் டி750க்கு சிபா (கேமரா கம்பெனிகளின் சங்கம்) முறையில் அளந்த கணக்கு ஒரு சார்ஜுக்கு 1230 படம். அதே குடும்பத்துப் பேட்டரியைப் போடும் இசட்6க்கு 310. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாகச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் செலவு கிட்டத்தட்ட இல்லை. இங்கே நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சென்சாரும் திரையும் ஓடுகின்றன. அதனால் படக் கணக்கை விட்டுவிட்டு நேரக் கணக்கு போடுங்கள். தொடர்ச்சியாக அடித்துத் தள்ளினால் 310ஐத் தாண்டி வெகுதூரம் போகும். நாள் முழுக்க ஆனில் தொங்கவிட்டால் 200க்கே மூச்சு வாங்கும்.

ஏர்பிளேன் மோடை ஆன் செய்யுங்கள். புளூடூத் பின்னணியில் போனைத் தேடிக்கொண்டே இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. திரையை ‘வ்யூஃபைண்டர் மட்டும், கண் வைத்தால் மட்டும்’ என்று வையுங்கள். ஆட்டோ பவர் ஆஃப் ஒரு நிமிடம்.

முகூர்த்த நேரத்தில் மட்டும் அந்த ஒரு நிமிடம் காலை வாரிவிடும். கெட்டிமேளம் கேட்டுக் கேமராவைத் தூக்கினால் வ்யூஃபைண்டர் கறுப்பாக இருக்கும், அது விழிப்பதற்குள் முதல் முடிச்சு விழுந்துவிடும். டிஎஸ்எல்ஆரில் கேமரா தூங்கினாலும் கண்ணாடி வழியே தெரியும், அந்தப் பழக்கம் கையை விட்டுப் போவதில்லை. தாலி கட்டும் அரை மணி நேரத்துக்கு பவர் ஆஃப் நேரத்தை நீட்டிவிடுங்கள். மற்ற நேரத்தில் கேமராவை முகத்துக்குக் கொண்டுவரும்போதே ஷட்டரை அரை அழுத்தம் அழுத்துங்கள்.

பழைய பேட்டரிகளைப் போடலாமா என்றால், போடலாம், விஷயம் தெரிந்து போட வேண்டும். கேனானின் எல்பி-ஈ6 1800 எம்ஏஎச், அதற்குப் பின் வந்த எல்பி-ஈ6என்எச் 2130. பழையதைப் போட்டால் ஆர்5, ஆர்6 மாதிரி பாடிகளில் தொடர் பட வேகமும் குறையும். பவர் பேங்க்கில் சார்ஜ் ஏறவில்லை என்றால் பேட்டரியின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: நிக்கானில் ஈஎன்-ஈஎல்15பி, 15சி ஆகியவை கேமராவுக்குள்ளேயே யூஎஸ்பியில் ஏறும், பழைய 15 ஏறாது. பவர் பேங்க்கும் பிடி (பவர் டெலிவரி) வகையாக இருப்பது நல்லது. ஏற்காட்டுக் குளிரைக் குறை சொல்லாதீர்கள், பேட்டரியைச் சாய்க்கிற அளவுக் குளிர் அங்கே அடிப்பதில்லை.

பழைய லென்ஸ் அடாப்டரில் சரியாக வேலை செய்யவில்லை

அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை. கேனான் ஈஎஃப் லென்ஸ் சென்சாரிலிருந்து 44 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும், ஆர்எஃப் மவுண்ட் 20 மில்லிமீட்டரில் நிற்கிறது. மிச்சம் 24 மில்லிமீட்டருக்கு ஒரு குழாய், அவ்வளவுதான். நிக்கானில் 46.5க்கும் 16க்கும் இடையே 30.5. ஆகவே அடாப்டரால் படத்தின் தரம் குறைந்துவிட்டது என்பது பிரமை.

நிக்கான்காரர்கள் ஆட்டோஃபோகஸே வரவில்லை என்றால் லென்ஸின் பெயரைப் படியுங்கள். 50எம்எம் 1.8டி மாதிரி ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பழைய பாடியிலிருந்து ஒரு திருகு நீண்டு சுற்றியது. எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. எஃப்டிஇசட் 2இலும் இல்லை. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி என்றால் ஓடும். மற்றபடி கையால் திருப்ப வேண்டியதுதான், ஃபோகஸான விளிம்பை நிறத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் ஆன் செய்தால் அது அவ்வளவு கஷ்டமில்லை.

ஷட்டரே விழவில்லை, லென்ஸ் இல்லை என்கிறது: முழு மேனுவல் லென்ஸாக இருக்கும். ‘ரிலீஸ் ஷட்டர் வித்தவுட் லென்ஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். அதே மேனுவல் லென்ஸில் படம் எல்லாம் லேசாக ஆடியது போல இருந்தால், பாடிக்குள் இருந்து கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனுக்கு ஃபோக்கல் லெங்த் தெரியவில்லை. 135 லென்ஸை மாட்டிவிட்டு மெனுவில் 50 என்று விட்டுவைத்தால் தப்பான அளவுக்கு ஆட்டும். கையால் பதிந்துவிடுங்கள்.

படம் சின்ன சைஸில் விழுகிறதா? கிராப் சென்சாருக்கான ஈஎஃப்-எஸ் லென்ஸை ஃபுல் ஃபிரேமில் மாட்டியிருக்கிறீர்கள். பாடி தானாக வெட்டிக்கொள்ளும். 20 மெகாபிக்சல் ஆர்6இல் சுமார் 8தான் மிஞ்சும். சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் விட்டுவிட்டு உறைந்தால் கேமராவை ஆஃப் செய்து, லென்ஸின் பித்தளைப் புள்ளிகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள், அப்புறம் லென்ஸுக்குப் புது ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) வந்திருக்கிறதா பாருங்கள்.

வ்யூஃபைண்டரில் அழகாக இருந்த படம் கம்ப்யூட்டரில் வேறு மாதிரி

டிவியின் பிரைட்னஸை வைத்துப் படத்தை எடைபோடுவதால் வருவது. ராத்திரி ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்று கீழே மினுக்கும் சேலம் நகரத்தை எடுக்கும்போது, இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு வ்யூஃபைண்டர் பளிச்சென்று தெரியும். ‘போதும்’ என்று நினைத்து எடுத்த படம் வீட்டுக்கு வந்தால் இருட்டு. மத்தியான வெயிலில் ஐந்து ரோட்டில் நின்று பின் திரையைப் பார்த்தால் நேர் எதிர். மங்கலாகத் தெரியும், கூட்டிக்கொண்டே போவீர்கள், வானம் வெளுத்துப்போகும். வ்யூஃபைண்டர் பிரைட்னஸை ஆட்டோவிலிருந்து எடுத்து நடுவில் நிறுத்துங்கள். முடிவை வெளிச்சப் பரவலை வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து எடுங்கள், வெளுத்துப்போகும் இடத்தில் கோடு போட்டுக் காட்டும் ஜீப்ரா இருந்தால் இன்னும் நல்லது.

வானத்தில் கறுப்புப் புள்ளிகள்

தூசி. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் முன்னால் கண்ணாடி, அதற்குப் பின் ஷட்டர் திரை, அதற்கும் பின்னால்தான் சென்சார். மிரர்லெஸ்ஸில் பல மாடல்களில் சென்சார் நேராக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். சில மாடல்கள் ஆஃப் செய்தால் ஷட்டரை மூடிக்கொள்ளும். மெனுவில் அது ஆனில் இருக்கிறதா பாருங்கள், ஆஃப் ஆனபிறகே லென்ஸைக் கழற்றுங்கள். அந்தத் திரை காகிதம் மாதிரி மெல்லியது, விரல் படவே கூடாது.

தூசியா என்று உறுதிசெய்ய: எஃப்/16, ஐஎஸ்ஓ 100, மேகமில்லாத வானம் அல்லது வெள்ளைச் சுவர், மேனுவல் ஃபோகஸை அவுட்டாக்கி கேமராவை லேசாக அசைத்தபடி ஒரு படம். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால் சென்சாரில் இருக்கிறது. எஃப்/2.8இல் மறைந்துவிடும், அதனால்தான் கல்யாணப் படங்களில் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்து, மலை உச்சியில் எஃப்/11 வைத்ததும் வெளியே வருகிறது. சென்சாரில் படம் தலைகீழாக விழுவதால் இடத்தையும் மாற்றிக் கணக்குப் பண்ணுங்கள்: படத்தின் மேல் இடது மூலையில் உள்ள புள்ளி, முன்னாலிருந்து சென்சாரைப் பார்த்தால் கீழ் இடது மூலையில் இருக்கும்.

மெனுவில் உள்ள சென்சார் கிளீனிங்கை முதலில் ஓட்டுங்கள். போகாவிட்டால் கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு ரப்பர் பம்ப்பால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கம்ப்யூட்டர் கடையில் விற்கும் டப்பாக் காற்றில் வாயுத் திரவம் வந்து படிந்துவிடும். அதற்கும் அசையாத புள்ளிக்குத்தான் சென்சாரைத் துடைக்கும் ஸ்வாப், உங்கள் சென்சார் அளவுக்கு உள்ளது. கை நடுங்குகிறவர்கள் சர்வீஸில் கொடுத்துவிடலாம், வெட்கமில்லை. சேர்வராயன் கோயில் பக்கம் மேலே காற்று சுழன்று அடிக்கும். அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள், காருக்குள் போய் மாற்றுங்கள்.

ஆஃப் செய்து ஆட்டினால் உள்ளே கடகட என்கிறது

ஸ்டெபிலைசேஷன் உள்ள பாடியில் சென்சார் காந்தப் பிடியில் மிதக்கிறது. கரன்ட் இல்லாதபோது தளர்ந்து ஆடும். ஆன் செய்து காதருகே வைத்தால் மெல்லிய ‘உஸ்’ சத்தமும் கேட்கும். இரண்டும் இயல்புதான். பைக்கில் இருபது ஊசிவளைவு ஏறும்போது டேங்க் மேல் வைக்காமல் முதுகுப் பையில் நுரை மெத்தையோடு வையுங்கள்.

டிரைபாடில் எடுத்தும் ஷார்ப் இல்லை

ஏற்காட்டின் கிளியூர் அருவியில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டு இரண்டு விநாடி, நான்கு விநாடி எடுக்கிறீர்கள், பாறைகூடக் குழைகிறது. ஸ்டெபிலைசேஷனை ஆஃப் செய்துவிட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். அசையாத கேமராவில் அது இல்லாத ஆட்டத்தைத் தேடிச் சென்சாரை மெல்ல நகர்த்திவிடும். லென்ஸில் தனி சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள்.

லென்ஸுக்குள் புகை, வ்யூஃபைண்டரில் ஆவி

குளிர்ந்த பொருள்மேல் ஈரக் காற்று பட்டால் நீர் கோக்கும். ஏசி அறையிலிருந்து மண்டப வாசலுக்கு வரும்போது, ஏசி காரிலிருந்து மலைமேல் பனிக்குள் இறங்கும்போது, மழைநாளில் மலையிலிருந்து அடிவாரத்துக்கு வந்து பையைத் திறக்கும்போது எல்லாம் இதேதான். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். நீர் கோத்துவிட்டால் லென்ஸைக் கழற்றாதீர்கள், சென்சாருக்கும் பரவிவிடும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். வ்யூஃபைண்டரில் மட்டும் ஆவி என்றால் அது உங்கள் மூச்சு.

மலைமேல் வீடுள்ளவர்கள் லென்ஸைத் தோல் பையில் போட்டுப் பீரோவில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை நூல் ஓடிவிடும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினெட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறினால் வறுத்துக் காயவைக்க வேண்டும்.

வீடியோ நடுவில் நின்றுவிடுகிறது

சித்திரை வைகாசி வெயிலில் சூடுதான் காரணம். பெரும்பாலான பாடிகளுக்கு 40 டிகிரி வரைதான் கம்பெனி உத்தரவாதம் தருகிறது, அந்த மாதங்களில் சேலம் அதைத் தொட்டுவிட்டு வரும். கேனான் ஆர்5 2020இல் வந்தபோது 8கே வீடியோ 23 டிகிரியிலேயே சுமார் 20 நிமிடம்தான் என்று கம்பெனியே சொன்னது. திரையைப் பாடியிலிருந்து விலக்கி வையுங்கள், 4கே 50க்குப் பதில் 25இல் எடுங்கள், ஊர்வலத்தில் ஒருவரைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள். சோனியில் ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்பரேச்சரை ‘ஹை’ என்று வைத்தால் கூடுதல் நேரம் தாங்கும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பின்னால் ஒட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். நீர் கோப்பது பற்றி மேலே சொன்னதை அவர்கள் இன்னொரு தடவை படிக்கலாம்.

ஆல்பம் டிசைனர் ஃபைல் திறக்கவில்லை என்கிறார்

கேனானின் சிஆர்3 என்ற ரா ஃபைல் (சென்சார் தந்ததை அப்படியே வைத்திருப்பது) 2018இல் எம்50 கேமராவோடு வந்தது. படம் திருத்தும் மென்பொருளில், மாதச் சந்தா இல்லாத லைட்ரூம் 6க்கு கடைசி அப்டேட் 2017இல் முடிந்துவிட்டது. அதனால் அதற்கு இந்த ஃபைலைத் தெரியாது. அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம், மாற்றிக் கொடுங்கள். ஜேபெக் வைத்தும் திறக்கவில்லை என்றால் எச்டிஆர் ஆனாகி ஹீஃப் ஃபைலாக விழுந்திருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். வீடியோ திக்கித் திக்கி ஓடினால் எச்.265, 10 பிட்டில் எடுத்திருப்பீர்கள். பழைய கம்ப்யூட்டர் அதை இழுக்காது. எச்.264, 8 பிட்டுக்கு இறக்குங்கள், அல்லது எடிட்டிங்கில் பிராக்ஸி (எடை குறைந்த நகல்) செய்யச் சொல்லுங்கள்.

நிஜமாகவே சர்வீஸுக்குப் போக வேண்டியவை

வ்யூஃபைண்டரில் மட்டும் கலங்கலான ஒரு கறை, படத்தில் இல்லை: வெயில் கண்வைக்கும் பக்கத்திலிருந்து உள்ளே இறங்கி அந்தக் குட்டித் திரையைச் சுட்டிருக்கும். அந்தப் பக்கக் கண்ணாடி பூதக்கண்ணாடி வேலை செய்கிறது. டிரைபாடில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகும்போது பின்பக்கம் சூரியனைப் பார்த்து நிற்கக் கூடாது. திரையை மாற்றுவது தவிர வழியில்லை. ரீசெட் செய்தும், வேறு லென்ஸ் போட்டும் மெக்கானிக்கல் ஷட்டரில் மட்டும் எரர் வந்து, எலக்ட்ரானிக்கில் படம் சரியாக விழுந்தால் ஷட்டர் போயிருக்கிறது. ஃபோகஸ் தொடர்ந்து முன்னாலோ பின்னாலோ விழுந்தால், டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபோகஸைத் திருத்தச் செய்த மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட்டைத் தேடாதீர்கள். இங்கே படம் எடுக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் அதற்கு அநேகமாக வேலையில்லை. லென்ஸைத்தான் காட்ட வேண்டும்.

போகும்போது எடிட் செய்யாத ரா ஃபைல் இரண்டும், தொல்லை வந்த அதே லென்ஸும் அடாப்டரும் பேட்டரியும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பாடியை மட்டும் கொடுத்து ‘ஃபோகஸ் சரியில்லை’ என்று சீட்டு எழுதினால், அவர்கள் தங்கள் லென்ஸை மாட்டிப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.